தகவலாளர் ஏழு

காசிராஜன் இரண்டாவது முறை செத்தது பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் தடவை செத்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. காலை ஆறரை மணிக்கு, பேச்சித்தாய் அப்பளக் கம்பெனிக்குப் போவதற்காகக் கொண்டையை முடிந்துகொண்டிருந்தபோது, அவர் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பெயின்ட் தெறித்த நீலச் சட்டையோடு, தெருமுனை வரைக்கும் போய்ப் பேப்பர் பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி உள்ளே வந்து, "பேச்சி, காப்பி இருக்கா?" என்று கேட்டார். அவள் போட்டுக் கொடுத்தாள். பயம் வரவில்லை. எட்டு மாதமாக அந்தக் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? டம்ளரை நீட்டியபோது விரல் பட்டது, விரலில் சூடு இருந்தது, அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

"இன்னைக்கு அஞ்சாவது மாடி. முடிச்சுட்டுச் சீக்கிரம் வந்துர்றேன். சாயங்காலம் உங்க அக்கா வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அதைக் கேட்டதும்தான் அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முதல் தடவை சாகப்போன அன்றும் எழுத்து மாறாமல் இதைத்தான் சொன்னார். ஆனால் அன்று இல்லாத ஒன்று இன்று அவர் தோளில் கிடந்தது. மஞ்சள் நிறத்தில், கசங்காத புதுச் சேஃப்டி பெல்ட்டு. அதைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இது எதுக்கு, தொந்தரவு" என்று சொல்லி, அவள் பதினாறு வருஷத்தில் அவர் முகத்தில் பார்த்தே இராத ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் கதவைத் தாழ் போட்டாள். தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, கைக்குள் கால் இல்லை, தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது, சைக்கிள் தெருவைத் தாண்டிவிட்டது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியின் புதுக் கட்டடத்தில், ஐந்தாவது மாடி உயரத்தில், ஊஞ்சல் பலகையில் தொங்கி வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவரின் கயிறு பதினொன்று இருபதுக்கு அறுந்தது. முதல் தடவையும் பதினொன்று இருபதுதான்.

அவர்கள் குடியிருந்த சங்கிலிநகர் முழுக்க வந்து அழுதது. முதல் தடவையைவிட ஒரு பங்கு கூடுதலாகவே அழுதது, ஏனென்றால் ஒருவரை இரண்டு தரம் பறிகொடுக்கிற வீட்டை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. போலீஸ்காரர் வந்து உடலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அதே ஆள், அதே இடம், அதே கயிறு, இந்த வழக்கை முடித்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸில் இருந்தவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, ஒருத்தருக்கு ஒரு இறப்புச் சான்றிதழ்தான் விதி, பழையதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மயானத்தில் காவல் இருந்த மாரியப்பன் மட்டும் ஒன்றும் கேட்காமல் முதல் குழிக்குப் பக்கத்தில் இரண்டாவது குழியை வெட்டினார். கவுன்சிலர் வந்து, முதல் தடவை பேசிய அதே பேச்சைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாசித்தார், "எட்டு மாதத்துக்கு முன்" என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பேச்சித்தாய் அதைக் கவனித்தாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சுருக்கென்று ஒரு கோபம் வந்தது, வந்த கோபம் போகாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

ஆவணியில் மூன்றாவது தடவை சாவதற்கு வந்தார். இந்த முறை உள்ளே வரவில்லை. காப்பி கேட்கவில்லை, அக்கா வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் நின்று, மஞ்சள் பெல்ட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, திரும்பி நடந்தார். எல்லாம் ஒரு நிமிஷம். முகம்கூடச் சரியாக விளங்கவில்லை, நாற்பது வயசுக்காரர் ஒருவரின் முகம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். பேச்சித்தாய் பின்னாலேயே ஓடி, "ஏங்க, ஏங்க" என்று கத்தினாள், தெருவில் கேட்கும்படி "காசிராஜா" என்று பேர் சொல்லியே கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. குழாயடியில் நின்ற எதிர்வீட்டு மும்தாஜ் குடத்தை வைத்துவிட்டுக் குறுக்கே போய், "அண்ணே, உங்களத்தான் கூப்பிடுறாங்க, நீங்க காசிராஜன் அண்ணன்தான?" என்று கேட்டாள்.

"தகவலாளர் ஏழு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

மூன்றாம் சாவுக்குத் தெரு பாதிதான் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டு வந்தார்கள். "எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்று போனில் கேட்டுக்கொண்டு, எடுக்கிற நேரத்துக்கு வந்து நின்றார்கள். ஷாமியானாக் கடைக்காரர், இனி ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்டுவானேன் என்று மூங்கில்களை வீட்டுச் சந்திலேயே போட்டுவிட்டுப் போனார். யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் மூன்று தடவை ஒரே சாவுக்கு அழ மனுசக் கண்ணில் தண்ணீர் கிடையாது. கல்லூரியும் பழகிவிட்டது. அறிவிப்புப் பலகையில், புதுக் கட்டடத்தின் கிழக்குச் சுவருக்குக் கீழே பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை மாணவர்கள் நிற்க வேண்டாம் என்று ஒட்டினார்கள். விழுகிற இடத்தைச் சுற்றிப் பூந்தொட்டிகள் வைத்தார்கள். ஒலிபெருக்கியில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி அறிவித்தார்கள், மௌனம் முடிந்ததும் மணி அடித்து அடுத்த வகுப்பு தொடங்கியது. சுவருக்குக் கீழே வலை கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், கட்ட வேண்டிய நாளில் ஏன் கட்டவில்லை என்ற கேள்வி வந்திருக்கும்.

மண் தள்ளிவிட்டு வந்து, தலை முழுகி, ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்த பேச்சித்தாய்க்கு அந்தப் பேர் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. தகவலாளர் ஏழு. அதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். முதல் சாவு நடந்து இரண்டு மாதம் கழித்து, அந்தச் சாவைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பின்தெருவிலிருந்து சுகிர்தா வந்தாள். அதே கல்லூரியில் சமூகவியல் படிக்கிற பெண். செல்போனைப் பாயில் வைத்துப் பதிவு போட்டுக்கொண்டு, "உங்க பேரு, அண்ணன் பேரு எதுவும் வராதுக்கா, நாங்க நம்பர்தான் போடுவோம், நீங்க தகவலாளர் ஆறு, அண்ணன் ஏழு" என்று சொன்னாள். பேச்சித்தாய் அன்று இரண்டு மணி நேரம் பேசினாள். பேசினால் ஆறும் என்று நினைத்திருந்தாள்.

அவள் எழுந்து ஈரத்தலையோடு பின்தெருவுக்குப் போனாள்.

சுகிர்தாவுக்கு அவள் வருவாள் என்று தெரிந்திருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கட்டுரைய எத்தன தடவ குடுத்த?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"மூணுக்கா. முதத் தடவ கார்த்திகையில, அசைன்மென்ட்டுக்கு. அப்ப ஒண்ணும் ஆகல. ரெண்டாந்தடவ அடுத்த செமஸ்டர்ல வேற பேப்பருக்கு. ஒரே வாரத்துல மூணு பேப்பர் கேட்டாங்க, நான் சாயங்காலம் மொபைல் கடைக்கு வேற போறேன். தலைப்ப மட்டும் மாத்திக் குடுத்தேன். அன்னைக்குத்தான் அண்ணன் வந்தாங்க. சும்மா தற்செயல்னு நெனச்சேன். இப்ப எங்க டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. கருத்தரங்குக்கு அனுப்பச் சொன்னாரு, அதையே ஒரு பக்கமாச் சுருக்கி அனுப்புனேன்."

"அதான் வாசலோட போயிட்டாரு."

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எழுதுனதுதானக்கா. யாருட்டயும் திருடல."

"எழுத்து உன்னுது. விழுந்தது யாரு?"

பேச்சித்தாய் உட்கார்ந்தாள். "என்ன எழுதியிருக்க, படி" என்றாள். சுகிர்தா பெரிய கட்டுரையை எடுத்துப் படித்தாள். கல்லூரியின் பேர் அதில் இல்லை, "ஒரு தனியார் நிறுவனம்" என்று இருந்தது. ஆறரை மணி, காப்பி, அக்கா வீடு எல்லாம் இருந்தது. பிறகு ஓரிடத்தில் அவள் குரல் தேய்ந்தது. பேச்சித்தாய், "சத்தமாப் படி" என்றாள்.

"நிறுவனத்தால் பாதுகாப்புப் பட்டை வழங்கப்பட்டிருந்தும், விழிப்புணர்வின்மையாலும் அலட்சியத்தாலும் தகவலாளர் ஏழு அதனை அணியவில்லை."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தாள்.

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?" பேச்சித்தாயின் குரல் உயரவில்லை, ஆனால் வீட்டுக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுகிர்தாவின் அம்மா கையை நிறுத்திவிட்டாள். "பெல்ட்டுக் குடுங்கன்னு கேட்டாரு, குடுக்கலன்னு சொன்னேன். கயிறு பழசா இருக்குன்னு ரெண்டு நாளா உங்க காலேஜ் இன்ஜினியர்ட்டச் சொன்னாரு, இருக்குறத வச்சு முடிங்கன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். உன் போன்ல இருக்கும், போட்டுப் பாரு."

"இருக்குக்கா. நான் எழுதியும் குடுத்தேன். ஹெச்.ஓ.டி. அடிச்சுட்டு இத எழுதுனாரு. காலேஜ் பேரு கெட்டுரும்னாரு. எனக்கு இன்டர்னல் மார்க்கு அவரு கையில இருக்கு."

பேச்சித்தாய் தாள்களை வாங்கி அந்த வரியில் விரல் வைத்தாள், அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "அப்ப என் வீட்டுக்கு வந்தது யாரு?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் அப்பளம் தேய்க்கிற வேகத்தைப் பார்த்துக் கம்பெனியே மிரண்டது. குழவியை அமுக்குகிற அமுக்கில் அப்பளம் காகிதமாக மெலிந்து கிழிந்தது. கோபம் கல்லூரி மேல், அந்தப் பெண் மேல், ஹெச்.ஓ.டி. மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே. ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலை அவளுக்கே தெரியாமல் மனசு கேட்டது: அந்தப் பெண்ணிடம் சொல்லி இன்னொரு தடவை பெரிய கட்டுரையாகக் கொடுக்கச் சொன்னால் என்ன? பெல்ட்டை வேண்டாம் என்கிற பொய்யான ஆள்தான், ஆனாலும் விரலில் சூடு இருந்ததே. ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் எதிரே உட்கார்ந்திருப்பாரே. இப்படி நினைத்ததற்காக அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஒரு காப்பிக்காக ஒரு மனுசனை மறுபடி அஞ்சாவது மாடிக்கு அனுப்பப் பார்த்தாயே என்று.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனாள். ஹெச்.ஓ.டி. தில்லைநாயகத்தின் அறை ஜன்னலிலிருந்து அந்தச் சுவரும் பூந்தொட்டிகளும் தெரிந்தன. அவர் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இங்க பாருங்கம்மா, அது அந்தப் பொண்ணோட சொந்தக் கட்டுரை. சொந்தக் கட்டுரைய மறுபடி பயன்படுத்துறதுல திருட்டுன்னு எதுவும் இல்ல. ஆனா ஒரு முறை இருக்கு, ஒத்துக்குறேன். இது முன்பே இன்ன இடத்துல அளிக்கப்பட்டதுன்னு கீழ ஒரு அடிக்குறிப்புப் போட்டுரணும். போட்டுட்டா நேர்மையாயிரும்."

"அடிக்குறிப்புப் போட்டா அவரு விழ மாட்டாரா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெல்ட்டு எங்கருந்து வந்துச்சு?" என்று அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அதெல்லாம் பொதுவான ஆய்வு முடிவும்மா. தனிப்பட்ட ஆளப் பத்தினது இல்ல."

"தனிப்பட்ட ஆளுதான் சார் விழறாரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

வந்தவள் நேரே பின்தெருவுக்குப் போய், "புதுசா எழுது" என்றாள். "பழசத் தொடாத. நான் முதல்லருந்து சொல்றேன். இந்தத் தடவ அவரு எப்படிச் செத்தாருன்னு மட்டும் கேக்காத. ரெண்டு மணி நேரத்துல அது ஒண்ணத்தான கேட்ட நீ."

ஐப்பசி முழுக்க மத்தியான இடைவேளைகளில், அப்பளம் காய்கிற மொட்டைமாடியில், நிழல் விழுகிற ஓரத்தில் உட்கார்ந்து பேச்சித்தாய் சொன்னாள், சுகிர்தா எழுதினாள். மீந்த பெயின்ட்டை எல்லாம் கொண்டுவந்து வீட்டுக்குள் அடித்து, ஒரு சுவர் பேங்க் நிறம், ஒரு சுவர் ஆஸ்பத்திரி நிறம், சமையல்கட்டு கல்யாண மண்டப நிறம் என்று ஆக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். உயரம் என்றால் அவருக்கு நடுக்கம், அந்த நடுக்கத்தாலேயே கயிறை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் ஏறமாட்டார் என்று சொன்னாள். பிள்ளை இல்லை என்று யாரோ சொல்லிக்காட்டியதற்காக ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து இலையை மூடிவிட்டு அவளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பெண்களும் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். சுகிர்தா எல்லாவற்றுக்கும் தேதி கேட்டாள், இன்ஜினியர் பேரைக் கேட்டாள், கயிறு எந்தக் கடையில் எந்த வருஷம் வாங்கியது என்று அலைந்து கண்டுபிடித்தாள். காசிராஜன் என்று முழுப் பேர் போட்டாள். கல்லூரியின் பேரையும் போட்டாள்.

அதை இறுதி ஆண்டுக் கட்டுரையாக அவள் கொடுத்த அன்று யாரும் வரவில்லை. பேச்சித்தாய் ஆறரையிலிருந்து எட்டு வரை வாசலில் நின்றாள். வரமாட்டார் என்று தெரிந்துதான் நின்றாள். அந்த முறைதான் அவள் உண்மையில் தாலி அறுத்தவள் மாதிரி அழுதாள், ஆனால் எழுதச் சொன்னதற்காக வருந்தவில்லை.

தில்லைநாயகம் அதைப் படித்துவிட்டு, "இது கட்டுரை இல்ல, புகார்" என்று திருப்பிக் கொடுத்தார். மாசி மாதம் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குக் கொடுப்பதற்கு மாணவர் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. அதில் முதல் கட்டுரையாக, தன் கம்ப்யூட்டரில் இருந்த பழையதை, சுகிர்தாவின் பேரிலேயே, கீழே நேர்மையான ஒரு அடிக்குறிப்போடு, அவரே சேர்த்துவிட்டார். சுகிர்தா போய்க் கேட்டபோது, "உன் கட்டுரைதானம்மா, உனக்குப் பெருமைதானே" என்றார். கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

குழு வந்த அன்று காலை ஆறரை மணிக்கு அதே நீலச் சட்டையோடு அவர் வந்தார். "பேச்சி, காப்பி இருக்கா?" என்று கேட்டார். யாராக இருந்தாலும் காப்பி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அவள் கொடுத்தாள். இந்த முறை விரல் படாமல் தரையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்து நன்றாகப் பார்த்தாள். மூக்கு அவர் மூக்கு, நெற்றி அவர் நெற்றி. பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சிரித்த சிரிப்பு மட்டும் தில்லைநாயகம் எழுதியது.

அவள் கதவைத் தாழ் போடவில்லை. அவர் சைக்கிள் பின்னாலேயே நடந்தாள். மும்தாஜ் வந்தாள், மாரியப்பன் வந்தார், அப்பளக் கம்பெனிப் பெண்கள் மாவுக்கையோடு வந்தார்கள், அழுது ஓய்ந்திருந்த தெரு அழாமல் நடந்தது. கல்லூரிக் காவலாளி தேதி தெரிந்தவன் போல வழி விட்டான். கிழக்குச் சுவருக்கு எதிரே, பூந்தொட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். மேலே தூரிகை சுவரில் போய்வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்று பதினைந்துக்கு, மாலையும் கழுத்துமாகக் குழு போர்ட்டிகோவுக்கு வந்தது. பதினொன்று இருபதுக்குக் கயிறு அறுந்தது.

குழுவின் தலைவி முகம் வெளுத்து நின்றார். கல்லூரி ஆட்கள் தடுமாறவில்லை. ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, மைக்கில் ஒருவர் தொண்டையைச் செருமினார். தில்லைநாயகம் பேச்சித்தாயிடம் வந்து தணிந்த குரலில், "அம்மா, வேன் ரெடியா இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போகலாம்" என்றார்.

"எதுக்கு?" என்றாள் பேச்சித்தாய்.

"உங்க வீட்டுக்காரர்..."

"எங்க வீட்டுக்காரரு பெல்ட்டுக் கேட்டவரு. குடுக்க மாட்டேன்னுட்டீங்க, செத்துப்போனாரு, நாங்க எடுத்துப் புதைச்சோம். இந்தா கெடக்குறது பெல்ட்ட வேண்டாம்னு சொன்னவரு. இவரு எங்க தெருவுல பொறக்கல. உங்க ரூம்ல உங்க பேனாவுல பொறந்தவரு. ரெண்டு தடவ தெரியாம எடுத்துட்டோம். இத நீங்க எடுங்க."

அவள் எழுந்தாள். தெரு மொத்தமும் எழுந்தது. "இவர் யார்?" என்று தலைவி பொதுவாகக் கேட்டார். சுகிர்தா கூட்டத்திலிருந்து முன்னால் போய், "உங்க கையில இருக்குற புத்தகத்துல மொதக் கட்டுரைல உள்ளவரு மேடம். நெசமா இருந்தவரு இதுல இருக்காரு" என்று சொல்லித் தன் புதுக் கட்டுரையை நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். வாங்கிப் படிப்பாரா, கோப்பில் வைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. சுகிர்தாவின் இறுதி ஆண்டு மார்க் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் நின்றபோது சுகிர்தா பேச்சித்தாய் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் பண்ணதும் தப்புதானக்கா" என்றாள்.

"ஆமா" என்றாள் பேச்சித்தாய்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பஸ் வரத் தாமதமாயிற்று. சுற்றுச்சுவருக்கு உள்ளே, வெயிலில், தலைமாட்டை யார் பிடிப்பது, கால்மாட்டை யார் பிடிப்பது என்று படித்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ரோடு வரைக்கும் வந்தது.